அஞ்சரை மணி தூரம்

18 நவம்பர் 1962, ஞாயிறு

“சார், மேக்கே பாத்துப் பறந்துக்கிட்டே இருந்தா நேத்துக்குப் போயிரலாமா சார்?”

பல வருஷங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் ராமர் கேட்டது. தீர்க்கரேகைப் பாடம். மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ராமர் ஆடலூர்ப் பையன். அவர்கள் தோட்டத்து மிளகுக்கொடி மாதிரி, ஒன்றைப் பிடித்தால் உச்சி வரை ஏறாமல் விடமாட்டான். வகுப்பு சிரித்தது. “போகலாம்டா. நேத்து எழுதாத வீட்டுக்கணக்கை அங்க போய் எழுதிட்டு வா” என்றேன். மணி அடித்துவிட்டது.

அந்த ராமருக்கு இப்போது இங்கே கொடைக்கானல் தந்தி ஆபீசில் வேலை. இன்று சந்தையில் முள்ளங்கிக் கட்டும் கையுமாக நின்றான். “சார், நேத்துக்கு டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா சார்?” எப்போது பார்த்தாலும் இதுதான். நானும் எப்போதும் போல, “கவுண்டர் இன்னும் தொறக்கலைப்பா” என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அன்னக்கொடியின் கேள்வி. “இப்ப அங்க மணி என்னங்க?”

அங்க என்றால் லண்டன். எங்கள் ஒரே மகன் குருநாதன் அங்கே ஒரு கம்பெனியில் இஞ்சினியர். போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அவன் விட்டுப்போன கைக்கடிகாரத்தில் லண்டன் நேரம் வைத்து அடுப்படி மாடத்தில் வைத்திருக்கிறோம். சாவி கொடுப்பது அவள் பொறுப்பு. மணி பார்க்க அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் சொல்லிக் கேட்க வேண்டும்.

“ஆறு.”

“அப்ப இன்னும் போர்வைக்குள்ளதான் கெடப்பான்.” அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி போட்டாள்.

25 நவம்பர், ஞாயிறு

குருநாதன் குளிர்காலச் சளியைப் பற்றி எழுதியிருக்கிறான். இரண்டே வரி. அன்னம் அந்த இரண்டு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

பேச்சை மாற்ற உலக உருண்டையை எடுத்தேன். நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்தது. சென்னையில் ஒரு நூலை வைத்து லண்டன் வரை இழுத்துப் பிடித்தேன். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கோடு போட்டால் அரபிக்கடல் மேல் போகும். உருண்டையில் நூலை இழுத்தால் அது வடக்கே வளைந்து ஈரான், கருங்கடல் என்று போகிறது. அதுதான் குறுக்குவழி. ஆரஞ்சுத் தோலைப் பலகையில் வைத்து அமுக்கினால் கிழிவது போலத்தான் உலகத்தைத் தாளில் அமுக்குவதும். நூலை அளந்தால் ஐயாயிரத்து நூறு மைல். ஜெட் விமானம் நிற்காமல் போனால் பத்து மணி நேரம். ஆனால் அப்படி எந்த விமானமும் போவதில்லை. சென்னையிலிருந்து பம்பாய் போய், அங்கே காத்திருந்து, நடுவில் இரண்டு மூன்று ஊர்களில் இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனால் ஒரு பகலும் ஓர் இரவும் சரியாக இருக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு, “அஞ்சரை மணி தூரம்னு சொன்னீங்களே” என்றாள்.

நான் சொன்னது நேர வித்தியாசம். அவள் பிறந்த பாச்சலூரில் தூரத்தை மைலில் சொல்ல மாட்டார்கள், மணியில் சொல்வார்கள். ஒட்டன்சத்திரம் ஆறு மணி தூரம். மேல்காடு அரை மணி தூரம். ஆகவே அஞ்சரை மணி என்று நான் சொன்ன அன்றைக்கே குருநாதனை ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் குடிவைத்துவிட்டாள். அவனும் அதற்கு ஏற்றாற்போல எழுதியிருந்தான் — விடியும் முன் பம்பாயில் ஏறினேன், அன்று மத்தியானமே லண்டனில் இறங்கிவிட்டேன் என்று. ஏறின மணியை இறங்கின மணியிலிருந்து கழித்தால் வருவது பயண நேரம் இல்லை என்று நானும் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டுவாள். மறுநாள் அதே அஞ்சரை.

“போறதுக்கும் வாரதுக்கும் ஒரே நேரமா?” என்றாள்.

“இல்ல. போறப்ப எதிர்க்காத்து. வாரப்ப காத்து தள்ளிவிடும், கொஞ்சம் சீக்கிரம் வரலாம்.”

“அப்ப லண்டன் மேட்டுல இருக்கு.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். “எறங்கி வாரது லேசுதானே. ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க. பழனியில முடி எறக்குறேன்னு அவனுக்காக நேந்துக்கிட்டது அப்படியே கெடக்கு.”

9 டிசம்பர்

லண்டனில் கடும் பனிப்புகை என்று பேப்பரில் செய்தி. பகலிலேயே விளக்குப் போட்டு நடக்கிறார்களாம். விமானங்கள் இறங்க வழியில்லை. இங்கேயும் மலையை மூடிக்கொண்டு பனிமூட்டம்தான். ஆனால் இது சுத்தமான ஈரம். அது கரிப்புகை. குருநாதனுக்கோ ஏற்கெனவே சளி.

அன்னத்திடம் பேப்பரைக் காட்டவில்லை.

21 டிசம்பர், வெள்ளி

வேலுச்சாமி எழுதியிருக்கிறான். குருநாதனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன், ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்கிறவரின் மகன். குருநாதனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி நிமோனியா. பயப்பட வேண்டாம் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறான். ஒரு இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

“நீங்க போயிட்டு வாங்க” என்றாள் அன்னம். உடனே, “இல்ல, நானும் வாரேன். உங்களுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது.”

27 டிசம்பர், வியாழன்

மதுரையில் விமான டிக்கெட் போடுகிற ஆபீசுக்குப் போய்வந்தேன். பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை வேண்டும். சீனச் சண்டைக்குப் பிறகு வெளிநாடு போவதற்கு ரிசர்வ் பேங்க் அனுமதியும் கெடுபிடியாகிவிட்டதாம். எல்லாம் சேர்ந்து எத்தனை நாள் என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

“சார், நாளைக்கே ப்ளேன்ல சீட்டு இருக்கு. நீங்க ஏறத்தான் காகிதம் இல்ல. ஒண்ணரை மாசம் ஆகும்னு வச்சுக்கங்க. தெரிஞ்சவங்க இருந்தா ஒரு மாசம்.”

முப்பது வருஷமாகப் பையன்களுக்கு மைலையும் வேகத்தையும் கொடுத்து நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு கணக்கிலும் இந்த மேஜை வரவில்லை.

இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அன்னத்திடம், “போட்டாச்சு, வந்துரும்” என்று மட்டும் சொன்னேன்.

5 ஜனவரி 1963

காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்று வேலுச்சாமி எழுதியிருக்கிறான். கஞ்சி குடித்தானாம். அன்னம் இன்றைக்குத்தான் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

11 ஜனவரி

கடிதம் இல்லை. அங்கே ஒரே பனி, ஆறு குளமெல்லாம் உறைந்து கிடக்கிறது என்று பேப்பர் சொல்கிறது. வாசலில் போலீஸ்காரர் ஒருவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தார். என் பழைய மாணவர்தானாம். என்ன காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று எழுத வேண்டுமே சார் என்றார்.

கஞ்சி வைக்க, என்றாள் அன்னம் உள்ளேயிருந்து.

14 ஜனவரி, திங்கள்

பொங்கல். குருநாதன் போய்விட்டான்.

17 ஜனவரி, வியாழன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பொங்கலன்று பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தந்தி கொண்டுவருவது ராமரின் வேலை இல்லை. அவன் உள்ளே கருவியில் உட்காருகிறவன். ஆனால் அவனே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், மறுபடி கழற்றினான். டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்னம் ஈரக்கையோடு வந்து நின்றாள். நான் தந்தியைப் படித்துத் தமிழில் சொன்னேன். அழவில்லை அவள்.

“எப்பங்க?”

“ஞாயித்துக்கிழமை ராத்திரின்னு போட்டிருக்கு.”

“இப்ப அங்க மணி என்ன?”

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. “ஆறரை.”

“விடிஞ்சிருச்சா?”

“இல்ல. குளிர்காலம். எட்டு மணிக்குத்தான் விடியும்.”

“அப்ப இன்னும் ஞாயித்துக்கிழமை ராத்திரிதானே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. நடுராத்திரியில் தேதி மாறுவது கடிகாரத்தின் சோலி. அவளுக்கு, அவளுடைய ஊருக்கு, நாள் என்றால் விடியலில் தொடங்கி விடியலில் முடிவது. விடியாத வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தீரவில்லை. தீராத ராத்திரியில் எது வேண்டுமானாலும் இன்னும் மாறலாம்.

“கெளம்புங்க” என்றாள். “அஞ்சரை மணி தூரம். மேக்கே போகப் போக மணி பின்னால போகும்னு நீங்கதானே சொன்னீங்க. போறது அஞ்சரை, பின்னால போறது அஞ்சரை. கெளம்புன நேரத்துக்கே போய் நிக்கலாம். விடியங்குள்ள போயிரலாங்க.”

எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும். கரும்பலகை இருந்தால் இரண்டு கோட்டில் காட்டிவிடலாம். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தையே என்னிடம் ஒப்பிக்கிறாள், ஒரே ஒரு இடத்தில் கால் தவறி. ராமர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டாம் வகுப்பில் அவன் கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

போக முடியாது அன்னம் என்று சொல்வதற்குப் பதிலாகச் சட்டையை எடுத்து மாட்டினேன். அவள் அதற்குள் துணிப்பையில் ஒரு சேலையும் மலைவாழைப்பழச் சீப்பும் திருநீற்றுப் பொட்டலமும் வைத்துவிட்டாள். கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பொங்கல் பானை இறக்கினபடி இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நாங்கள் மூன்று பேரும். ராமர் பையைத் தூக்கிக்கொண்டான். பண்டிகை நாள், வத்தலக்குண்டு பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பூப்போட்ட சட்டை போட்ட பையன் ஒருவன் எங்களிடம் வந்து, “ரூம் வேணுங்களா? லேக் வியூ” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்னம் மடியில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. சும்மா மூடிப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, “விடிஞ்சிருச்சா?” என்பாள். “இல்ல” என்பேன். மறுபடி, “விடிஞ்சிருச்சா?” “இன்னும் இல்ல.” அந்த ‘இல்ல’ ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தில் உயிர் வந்தது. எனக்கும் வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. வராத பஸ், விடியாத லண்டன், நடுவில் நாங்கள். இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

ஸ்டாண்டு கடிகாரத்தில் ஒன்றரை ஆயிற்று. லண்டனில் எட்டு.

“விடிஞ்சிருச்சாங்க?”

இல்ல என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை. எவ்வளவு நேரத்துக்குச் சொல்லுவது? சூரியன் யார் சொல்லையும் கேட்காது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

“விடிஞ்சிருச்சு அன்னம்.”

அவள் எழுந்து ராமரின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஏரியைத் தாண்டும்போதுதான் அவள் அழுகிற சத்தம் முன்னாலிருந்து எனக்குக் கேட்டது.

20 ஜனவரி, ஞாயிறு

பாச்சலூரிலிருந்து அன்னத்தின் அண்ணன் நாச்சிமுத்து வந்திருக்கிறார். குருநாதனை அங்கேயே எரித்துவிட்டார்கள். வேலுச்சாமிதான் கூட நின்றிருக்கிறான். அஸ்தியை யாரிடமாவது கொடுத்து அனுப்ப வேண்டும். விமானத்துக்கு ஒரு நாள், காகிதத்துக்கு எத்தனை நாளோ.

நாச்சிமுத்து கேட்டார். “மாப்ள, கருமாதிக்கு நாள் எண்ணனும். வருசாவருசம் தெவசம் குடுக்கணும். தந்தியில ஞாயித்துக்கிழமைங்குது. அங்க ராத்திரின்னா நமக்குத் திங்கக்கிழமையாயிருச்சுன்னு ராமரு சொல்லுறான். அது மார்கழிச் சாவா, தைச் சாவா? எதுல எழவு சொல்லுறது?”

நான்தான் பதில் சொல்ல வேண்டும். நேரக் கணக்கில் இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? அங்கே ராத்திரி ஒன்பது என்றால் இங்கே விடிகாலை இரண்டரை, அங்கே தேதி பதின்மூன்று என்றால் இங்கே பதினான்கு. எல்லாம் தெரியும். ஆனால் என் பிள்ளை செத்த நாளை நான் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டுமா?

அறைக்குள்ளிருந்து அன்னம் சொன்னாள். “விடியுறதுக்கு முந்திண்ணே. அங்கயும் விடியலை, இங்கயும் விடியலை. மார்கழிதான்.”

நாச்சிமுத்து, “சரி ஆத்தா” என்றார்.

8 பிப்ரவரி, வெள்ளி

தைப்பூசம். கோயிலுக்குள் போகக் கூடாது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வெளியே, பாதையோரமாக நின்றோம். வெயில் தெளிவு. கீழே எவ்வளவோ தூரத்தில் பழனி மலை ஒரு கூழாங்கல் மாதிரி தெரிந்தது. காவடிக்காரர்கள் அந்த நேரம் அங்கே மலை கொள்ளாமல் இருப்பார்கள்.

“எறங்கி வாரது லேசுதானே” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

14 பிப்ரவரி

பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டு. அன்னத்தின் போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறாள்.

20 பிப்ரவரி

அவள் இப்போதெல்லாம் மணி கேட்பதில்லை. ஆனால் காலையில் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி மட்டும் கொடுக்கிறாள். யாருக்கு அந்த மணி? அங்கே எழுந்திருக்க யார் இருக்கிறார்கள்? கேட்டுவிடலாம் என்று அடுப்படி வரைக்கும் போவேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

நானும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. மத்தியானம் ஒன்றரை ஆனால் என்ன வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடுகிறது.

10 மார்ச், ஞாயிறு — பழனி

வேலுச்சாமி லீவு போட்டுவிட்டு அஸ்தியை அவனே கொண்டுவந்துவிட்டான். யாரிடம் கொடுத்தனுப்பவும் மனசு வரவில்லையாம். சண்முக நதியில் கரைத்தோம். குருநாதனுக்காக நேர்ந்துகொண்ட முடியை அவனுக்குப் பதிலாக நான் ஆற்றங்கரையிலேயே இறக்கினேன். மலை ஏறவில்லை, வருஷம் திரும்பாமல் ஏறக் கூடாது.

கரையில் உட்கார்ந்து வேலுச்சாமி பேசினான். முகம் வற்றிப்போயிருக்கிறது. வயது இருபத்தெட்டுதான்.

“வழியெல்லாம் டப்பாவை மடியிலயேதான் வச்சிருந்தேன் சார். பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளக்காரம்மா. வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போறியான்னாங்க. ஆமான்னுட்டேன் சார். வேற என்ன சொல்லுறது?”

அன்னம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாத்தான்யா சொன்ன. வாரதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு?”

“ஒரு நாள் ஆச்சும்மா, எல்லாம் சேத்து.”

“அஞ்சரை மணி இல்லையா?”

வேலுச்சாமி என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

“இல்லம்மா. ரொம்பத் தூரம்.”

“அம்புட்டுத் தூரமா” என்றாள். ஆயக்குடியிலிருந்து வேலுச்சாமியின் அப்பா ஒரு கூடை கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பியிருந்தார். துக்க வீட்டுக்கு வேறு எதைக் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை போல.

31 மார்ச், ஞாயிறு — கொடைக்கானல்

கோடைக்காலம் பிறக்கும்போது லண்டனில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள். இன்று அந்த நாள். போன வருஷம் நான் குருநாதன் கடிகாரத்தைத் திருகி, “இனிமே நாலரை” என்று சொன்னபோது அன்னம் வாசல் வரை வந்து அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள்: “என் மகன் ஒரு மணி கிட்ட வந்துட்டான்.”

காலையில் அந்த நினைப்பிலேயே மாடத்திலிருந்து கடிகாரத்தை எடுத்துவிட்டேன். எதற்காக எடுத்தேன் என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது. பார்த்தால் பத்து மணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் பத்து.

“நீயா மாத்துன?”

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. “ஆமா. பழனியில இருந்து வந்த அன்னிக்கே. அவன்தான் எறங்கி வந்துட்டானே. இனி அவனுக்கும் நம்ம மணிதான்.” கொஞ்சம் கழித்து, “சாப்பிட வாங்க, ஆறிரும்” என்றாள்.

சாப்பிட்டேன். எதைச் சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

பிறகு சந்தைக்குப் போனேன். ராமர் முள்ளங்கிக்காரியிடம் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முள்ளங்கிக் கட்டைக் கை மாற்றிப் பிடித்தான், “வாரேன் சார்” என்றான், போய்விட்டான். இனி அவன் கேட்க மாட்டான். எட்டாம் வகுப்பில் மணி அடித்ததோடு நின்றுபோன பதில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவனிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

ராமா, ஒரு கொய்யாப்பழம் எடுத்துக்கொள். காம்பைப் பிடித்து வெயிலில் காட்டி மெல்லச் சுற்று. ஒரு பக்கம் பகல், ஒரு பக்கம் இரவு, இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். இப்போது அதில் நேற்று எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் விரலை வை.